படியை விட்டு எழாதவள்

சினிமா இயக்குநர் பாலகுமார் ஏற்காட்டுக்கு வந்தது ஒரு சாவைத் தேடி. பிழைக்க நகரத்துக்குப் போகும் ஏழைப் பெண்ணைப் பற்றிய படம். கடைசியில் அவள் சாக வேண்டும். எப்படி என்றுதான் முடிவாகவில்லை. ஒண்டிக்கடை முச்சந்தியில் யாரோ ஃபெபியின் பெயரைச் சொல்ல, இயக்குநரை அவளிடம் கூட்டிப்போகும் வேலை உள்ளூர்க்காரனான எனக்கு வந்தது.

பக்கத்துக் கிராமமான கொட்டச்சேட்டில், மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்குக் கீழே எஸ்டேட் தொழிலாளி லாசரின் வீடு. பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்யும் அவர் மகள் ஃபெபி, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள்.

"உங்க கதையத்தான் எடுக்கணும்மா. சரின்னா உங்க பேரையே வைக்கிறேன்," என்றார் இயக்குநர்.

"மொதல்ல கேளுங்க. அப்பறம் சொல்றனுங்க."

ஃபெபி சொல்லத் தொடங்கினாள். அவள் வேலை செய்யும் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று குடியிருப்போருக்கும் அவர்களின் நாய்களுக்கும். மற்றது வேலைக்காரிகளுக்கும் குப்பைக்கும். தீண்டாமைக்கு பட்டன் வைத்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். ஒழுங்கு என்று அதற்குப் பெயர். குப்பை லிஃப்ட் பழுதானபோது சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை. பன்னிரண்டாம் மாடிக்குப் படியேறிய சாந்தி என்ற வேலைக்காரப் பெண் பாதியில் மயங்கி விழுந்தாள். பின்னால் வந்த ஃபெபி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காப்பிப்பழம் பறிக்கறப்ப வரிசையில ஒருத்தி விழுந்தா மத்தவங்க அடுத்த செடிக்குப் போகமாட்டாங்க. வேல வாங்கற எஸ்டேட் ரைட்டர் கத்துனாலும் நகர மாட்டாங்க. அங்கயும் அப்படித்தான்னு நெனச்சுட்டனுங்க."

அங்கே அப்படியில்லை. மற்ற பெண்கள் இவளைத் தாண்டிப் போனார்கள். "எந்திரிடி கிறுக்கி, வேலை போயிரும்," என்றாள் கூட வேலை செய்யும் பானு. சாந்தி தெளிந்து வீட்டுக்குப் போன பிறகும் ஃபெபி எழவில்லை. மறுநாளும் வந்து அதே படியில் உட்கார்ந்தாள். வேலை கொடுத்த அம்மா போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"நொம்பப் பயமுங்க. ஆனா நான் எந்திரிச்சுட்டா அந்தக்கா விழுந்ததே பொய்யின்னு ஆயிருமில்லீங்க."

அதற்கடுத்த நாள் பானு திட்டிக்கொண்டே வந்தாள். "தள்ளு. தனியா உக்காந்து பேரு வாங்கப் பாக்கறியா?" அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். மாலைக்குள் படிகள் நிறைந்தன. கட்டடம் முழுக்க எச்சில் பாத்திரம் குவிந்தது. வேறு வழியில்லாமல் குடியிருப்போரின் லிஃப்ட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

பானு வரும்வரை, மொழி பாதி புரியாத ஊரில், யாருமே துணைக்கு வராத படியில் அவள் எதை நம்பி உட்கார்ந்திருந்தாள்? எந்தச் சாமியும் இறங்கி வரவில்லை.

"பிரமாதம்," என்றார் பாலகுமார். "ஆனா முடிவுல நீங்க மாடியிலேருந்து விழுந்துடறீங்க. அப்பத்தான் ஜனங்க அழுவாங்க."

"ஏனுங்க, எம்புள்ளயச் சாகடிச்சுத்தான் படங்காட்டோணுமா?" என்றார் லாசர்.

ஃபெபி சிரித்தாள். "நான் விழுந்திருந்தா ரெண்டு நாள் வருத்தப்பட்டுட்டு நாயக் கூட்டிக்கிட்டு லிஃப்ட்டுல ஏறியிருப்பாங்க. சாந்தியக்கா மொதத் தடவ அதுல ஏறுனப்ப, கண்ணாடியப் பாத்துத் தலையச் சரிபண்ணுச்சு. அத எடுக்கறீங்களா? எம்பேரையே வெச்சுக்கங்க."

"அதுல என்னம்மா இருக்கு?"

ஃபெபி அப்பாவிடம் திரும்பினாள். "ஏற்காட்டுக்கு அடுத்த பஸ் எப்பன்னு இவருக்குச் சொல்லுங்கப்பா."