மிதவையின் நாக்கு

லைட்ஹவுஸ் குப்பத்தில் என்னைப் பைக்கில் கொண்டுபோய்க் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்ன மீனவருக்குக் கை சும்மா இருக்காது. பைக்கில் பெட்ரோல் ஒழுகியது. வாசலிலேயே கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளே பெட்ரோலை அளவோடு நிறுத்தும் மிதவையின் நாக்கை மீன் கத்தியால் நெம்பி வளைத்து மாட்டினார். ஒழுகல் நின்றது. உடனே மறுபடி கழற்றினார்.

"யோவ், அதான் நின்னுச்சே! பெட்டில இறா கெட்டுப்பூடும்" என்றார் மனைவி.

"இன்னும் ஒரு மயிரிழை வளையணும்மே."

"வலைல அத்தினி மிதவை கட்டுறியே, அதுக்கெல்லாம் மயிரிழை பாத்தியா?"

அந்தம்மா இறால் பெட்டியோடு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார். இவர் நிமிராமலே வளைத்து மாட்டிவிட்டு, "நீ பாரு சார், ஒழுவுதா?" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அது தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"லேசா ஈரம் தெரியுதே" என்றேன்.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியைத் தேடினார்.