கைசர் உறங்கிய வெள்ளிக்கிழமை

குளத்தூரில் பூட்டிக் கிடக்கும் மூன்று வீடுகளின் சாவிகள் சத்தியபாயிடம் இருந்தன. மூன்றின் சொந்தக்காரர்களும் வெளிநாட்டில். முற்றம் பெருக்குவது, அவ்வப்போது குழாய்களைத் திறந்துவிடுவது, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் பார்ப்பது, இவைதான் வேலை. ரெஜியின் வீட்டில் மட்டும் கூடுதலாக இரண்டு உண்டு. ஒன்று, கைசர் என்கிற நாய்க்குச் சோறு வைப்பது. இன்னொன்று, காலையில் உள்ளே போய் டிவியைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டுவது.

ஆளில்லாத வீட்டில் டிவி எதற்கென்றால், கள்ளனுக்கு. ரெஜியும் மனைவி ஜிஜாவும் பிள்ளைகளும் மஸ்கட்டுக்குப் போன வருஷம், பக்கத்து ஊரான திருப்புறத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை எவனோ உடைத்துவிட்டான். அன்றைக்கே ரெஜி போனில் சொல்லிவிட்டான். பகல் முழுக்க டிவி ஓட வேண்டும், சத்தம் ரோட்டுக்குக் கேட்க வேண்டும். ராத்திரி வீட்டைச் சுற்றி எல்லா விளக்கும் எரிய வேண்டும். விளக்குக்கு டைமர் வைத்தான். முன்வாசலில் கேமராவும் வைத்தான், அங்கே பேசினால் இங்கே கேட்கிற ரகம். மத்தியான இடைவேளையில் அதில் "கைசரே, எடா மோனே" என்று கூப்பிடுவான். முன்கதவு மிதியடியில் கிடக்கும் கைசர் எழுந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்து பார்க்கும். பிறகு அங்கேயே படுத்துக்கொள்ளும்.

சத்தியபாய் இந்த வேலைக்கு வந்ததே ஓய்வுக்காகத்தான். அதற்கு முன்னே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஹோம் நர்ஸ். கொல்லம், கோட்டயம், எர்ணாகுளம் என்று ஏஜென்சி சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய், படுக்கையில் விழுந்தவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள். முட்டு தேய்ந்த பிறகு ஊர் திரும்பினாள். ரப்பர் வெட்டுகிற கணவர் செல்லையனுக்கு அவளுடைய புது வேலை நல்ல கேலிப்பொருள்.

"இந்த பேஷண்டு கொள்ளாம் கேட்டியா. மூத்திரத்துக்குக் கூப்பிடாது."

"நீங்க கூப்பிடாம இருந்தா போரும்," என்பாள் அவள்.

ஒரு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கைசர் மெலிந்தது. சோற்றில் பாதியை விட்டது. கண்ணோரம் சிவந்தது. தேங்காய் பறிக்க வந்தவனைத் துரத்தியது, மீட்டர் பார்க்க வந்தவனின் பேன்ட்டைக் கிழித்தது. சத்தியபாய் மீன்தலை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து பார்த்தாள். உண்ணி பவுடர் போட்டாள். கடைசியில் ஆட்டோவில் ஏற்றி மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார்.

"நல்லா உறங்குதா?"

"நல்ல கேள்வி. அதுக்கு வேற என்ன வேலை? எப்ப பாத்தாலும் படுத்துதான் கெடக்கும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். சத்தியபாயும் அதை மறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சோற்றுச் சட்டியை வைக்கக் குனிந்தபோது கைசர் அவளுடைய மணிக்கட்டைக் கவ்வியது. கவ்வியதும் விட்டுவிட்டு, தானே பயந்துபோய்ச் சுவரோடு ஒண்டியது. ரத்தம் வந்திருந்தது. அவள் நெய்யாற்றின்கரையில் போய் ஊசி போட்டுக்கொண்டாள். ரெஜியிடம் சொல்ல அவளுக்கு மனதில்லை. ஆனால் கேமரா சொல்லிவிட்டது.

"அக்கா, இனி இவன வச்சிருக்கப் பற்றாது," என்றான் ரெஜி. "நாளைக்கு ஒரு குழந்தைய கடிச்சா நான் இங்க இருந்து என்ன செய்ய? ஒற்றசேகரமங்கலத்துல குவாரி வச்சிருக்குதவரு எனக்குத் தெரிஞ்ச ஆளாக்கும். காவலுக்குக் கோவக்கார நாயி வேணும்னு கேட்டாரு. சனிக்கிழம அங்க வேல பாக்குத அஜீஷ் வண்டி கொண்டு வருவான்."

சத்தியபாய் அந்த குவாரியைப் பார்த்திருக்கிறாள். கல்லுடைக்கிற கிரஷர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அங்கே தூணில் ஒரு சங்கிலி கட்டியிருப்பார்கள். அந்தச் சங்கிலியில் கைசர் ஒரு மழைக்காலம் தாண்டாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கடித்த நாய்க்காக என்ன சொல்லி வாதாட?

வெள்ளிக்கிழமை காலையில் டிவி சுவிட்சைப் போட்டாள். ஓடவில்லை. லைனில் முட்டுகிற மரக்கொம்புகளை வெட்ட பகல் முழுக்க கறண்டு கிடையாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள், அவள்தான் மறந்துவிட்டாள். இன்வெர்ட்டர் பேட்டரி பட்டுப்போய் மாதக்கணக்காகிறது. கதவைப் பூட்டிவிட்டு மற்ற வீடுகளைப் பார்க்கப் போனாள்.

மத்தியானம் சோற்றோடு வந்தால், மிதியடியில் கைசர் இல்லை. கேட் பூட்டியபடி இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். மதில் தாண்டிச் சாடிவிட்டதோ என்று பின்பக்கம் ஓடினாள். முன்முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்திருந்ததால் மண் என்பதே அந்த வீட்டில் பின்னால்தான் உண்டு, பிலாமூடு என்று சொல்லும் பலாமரத்தடியில். அங்கே ஒரு குழி தோண்டி, கைசர் பக்கவாட்டில் நான்கு காலையும் நீட்டிக் கிடந்தது. ஈ மொய்த்தது. அசையவில்லை.

செத்துவிட்டது என்றே நினைத்தாள். கிட்டே போனால், வயிறு ஏறி இறங்கியது. முன்கால் ஒன்று ஓடுகிற மாதிரி வெட்டியது, உதடு துடித்தது. சோற்றின் மணம் மூக்குக்குப் போயும் எழும்பவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த நாய் இப்படிக் கிடந்து அவள் பார்த்ததில்லை. மிதியடியில் அது தலையைக் காலில் வைத்துப் படுத்திருக்கும். காது மட்டும் நிமிர்ந்தே இருக்கும்.

சத்தியபாய் துணி அலக்குகிற கல்லில் உட்கார்ந்தாள். கோட்டயத்தில் பக்கவாதம் வந்த ஒரு தாமஸ் சாரைப் பார்த்துக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது. அவர் இருமினாலும் எழும்ப வேண்டும், இருமாவிட்டாலும் எழும்பிப் பார்க்க வேண்டும். விடிய விடியப் படுத்திருப்பாள், உறங்கியதாக இருக்காது. சோறு இறங்காது. ஒருநாள் சமையல்காரியின் மேல் தட்டை எறிந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு மத்தியானம் படுத்தவள், சமையல்காரி முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் மறுநாள் எழுந்தாள்.

படுத்துதான் கெடக்கும் என்று டாக்டரிடம் சொன்ன தன் வாயை நினைத்தபோது அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

சாயங்காலம் வரை அங்கேயே புல்பூண்டு பறிப்பதும் சருகு கூட்டுவதுமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று வீட்டுக்குள் ஒருவன் உரக்கச் செய்தி வாசித்தான். கறண்டு வந்திருந்தது, காலையில் போட்ட சுவிட்சை அவள் அணைக்கவில்லை. கைசர் துள்ளி எழுந்தது. உறக்கம் கலையாத காலோடு இடறி, வீட்டைச் சுற்றி ஓடி, முன்கதவுக்கு முன்னால் போய் நின்றது. வால் இரண்டு ஆட்டு ஆட்டியது. கதவு திறக்கவில்லை. மிதியடியில் படுத்து, காதை நிமிர்த்திக்கொண்டது.

அவள் உள்ளே போய் டிவியை நிறுத்திவிட்டு, ரெஜியைக் கூப்பிட்டாள்.

"மக்கா, அவனுக்கு உள்ள நோயும் சூக்கேடும் நம்ம டிவியாக்கும்."

எல்லாம் கேட்டுவிட்டு ரெஜி சொன்னான்: "அக்கா, டிவிய நிறுத்தினா கள்ளன் வருவான்."

"நீங்க மஸ்கட்டுல இருக்குதது மீன்காரிக்குத் தெரியும், போஸ்ட்மேனுக்குத் தெரியும், பாஸ்டரு ஜெபத்துல வேற சொல்லுதாரு. கள்ளனுக்கு மட்டும் தெரியாதா? வீட்டுக்குள்ள ஆளு உண்டுன்னு நம்புனது இவன் ஒருத்தனாக்கும்."

"அவன் வாசல்ல காவல் கெடக்கான்னுல்லா நான் நெனச்சேன்," என்றான் ரெஜி.

"காவல் ஒண்ணும் இல்ல. உள்ள பேச்சு கேக்குது, நீ பேரு சொல்லிக் கூப்பிடுத. ஆராவது கதவத் தெறப்பாவன்னு பாத்துக் கெடக்கான். ராத்திரி விளக்கு வேற. பின்ன எப்பம் உறங்குவான்?"

"இண்ணைக்கு வேணும்னா எல்லாம் அணச்சிடுங்க," என்றான் ரெஜி. "ஆனா குவாரிக்காரருட்ட வாக்குச் சொல்லியாச்சு. அஜீஷ் நாளைக்கு வருவான்."

அன்றைக்கு டைமரைக் கழற்றியது செல்லையன். போர்டிகோ விளக்கு ஒன்றை மட்டும் விட்டார்.

சனிக்கிழமை காலையில் அஜீஷ் பிக்கப்பை முற்றம் வரை ஏற்றி ஹாரன் அடித்தான். நாய் குரைக்கவில்லை. சத்தியபாய் அவனைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். பிலாமூட்டுக் குழியில் கைசர் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அஜீஷ் கையிலிருந்த சங்கிலியைக் குலுக்கினான். கைசர் ஒரு கண்ணைத் திறந்தது, அவனை மோந்தது, மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, இதயா பெரிய கடிக்குத பட்டின்னு சொன்னாரு?"

"இதுதான். பிடிச்சுக் கெட்டிக் கொண்டு போ."

"வண்டி வந்தது இதுக்குத் தெரியல்ல. இத கொண்டுபோய் எறக்கினா முதலாளி என்னக் கெட்டிப் போடுவாரு காவலுக்கு."

"எலே, அத நீயே ரெஜிகிட்ட சொல்லு."

அஜீஷ் போனை வாங்கி, படம் தெரிகிற மாதிரி நாயின் முகத்துக்கு நேரே பிடித்தான். "சேட்டா, நீங்களே பாருங்க. கொறட்ட விடுது." ரெஜி நிறைய நேரம் பார்த்தான். பிறகு, குவாரிக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான். அஜீஷ் சங்கிலியோடு திரும்பிப் போனான்.

மத்தியானம் ரெஜி மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, கேமராவுல வாசல் காலியா கெடக்கு. பாக்க ஒருமாதிரி இருக்கு. அத பின்பக்கம் மாத்தி வைக்கலாமா?"

"வைக்கலாம் மக்கா. ஆனா நீ கூப்பிடாண்டாம்."

"கூப்பிட மாட்டேன்."

"மாட்டேன்னுதான் சொல்லுவ."

அவன் சிரித்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கேமரா வாசல்லயே இருக்கட்டும்," என்றான்.

சத்தியபாய் முன்கதவு மிதியடியை எடுத்து, மதிலில் அடித்து ரோமத்தை உதறி, பிலாமூட்டில் கொண்டு போட்டாள். கைசர் அதை மோந்துவிட்டு, சுற்றிப் போய் மண்ணிலேயே படுத்தது.