மூன்றாவது கேள்விக்கான பதில்

“அத்தை, வயசானா இப்படியெல்லாம் தோணும்” என்கிறாள் மருமகள். தோன்றவில்லை. நடந்தது. நடுராத்திரிகூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றேகால்.

அலுவலகக் கதவுகளை டேப்லெட்டிலிருந்து திறக்கும் இணையப் பக்கத்தை எழுதியவள் நான். சர்வரில் ஓடும் நிரலை எழுதியவர் வாய்ப்பூட்டு. அதிகம் பேசமாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர். ஏற்பாடு எளிது. என் பக்கம் கேட்கும், சர்வர் சொல்லும். கேள்விக்கு ஓர் எண். பதிலிலும் அதே எண். கேட்காமல் சர்வர் வாயைத் திறக்காது.

அன்று சர்வர் அறைக் கதவைச் சோதிக்கப் போனேன். ஏ.சி. வேறு பழுது. அதைப் பார்க்க வழக்கமாக வரும் மெக்கானிக் வெளியே நின்றார்.

“உள்ள போய் அழுத்திப் பாருங்க தலைவரே. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

“ஓடினா உங்க ஸ்பேனர் எனக்கு.”

கதவு மூடியது. கையிலிருந்த டேப்லெட்டில் ‘திற’ என்பதை அழுத்தினேன். எண் ஒன்று. பதில்: சரி. கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. மறுபடி அழுத்தினேன். எண் இரண்டு. சரி. பூட்டு ‘டக்’ என்றது. கதவு அசையவில்லை.

ஒரே வெக்கை. கதவருகில் மட்டும் ஏனோ சில்லென்றிருந்தது. எனக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலரும் போனும் வெளியே, கைப்பையில்.

“இருக்கீங்களா?”

டொக்... டொக்...

“இருக்கேன் அக்கா.” மெக்கானிக்கின் குரல்.

“என் பை?”

“என் கையிலதான். இன்னொரு தடவை அழுத்துங்க அக்கா.”

மூச்சு விசிலடித்தது. விரலைத் தூக்கினேன்.

அக்காவா? அவருக்கு நான் எப்போதும் ‘தலைவரே’தான்.

திரையில் ஒரு பதில் வந்து நின்றது.

எண் மூன்று: அவர் இல்லை.

மூன்றாவதாக நான் எதையும் கேட்கவே இல்லை...

“அழுத்துங்க அக்கா...”

‘திற’வுக்குக் கீழே இன்னொரு பட்டன். ‘வெளியே யார்?’ அதை அழுத்தினேன். எண் மூன்று போனது.

பதில் வரவில்லை. முன்பே வந்துவிட்டதே.

டொக்.

டொக்...

அப்புறம் சத்தமே இல்லை.

மூன்று ஐம்பதுக்கு மெக்கானிக், காவலாளியிடம் வாங்கிய சாவியைப் போட்டுத் தள்ளினார். கதவு லேசாகத் திறந்துகொண்டது.

“மன்னிச்சுக்குங்க தலைவரே. கீழ போய் இன்னொரு ஸ்பேனர் எடுக்கலாம்னு போனேன்... லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். அரைமணி நேரம்.”

என் பை, நான் வைத்த நாற்காலியிலேயே இருந்தது.

மறுநாள் வாய்ப்பூட்டைப் பிடித்தேன்.

“‘வெளியே யார்’னு கேட்டா உங்க சர்வர் எப்படிச் சொல்லுது?”

“சொல்லாது. அதை நான் இன்னும் எழுதவே இல்லை. பட்டன் உங்க பக்கம் மட்டும்தான் இருக்கு.”

“பூட்டு ஏன் திறக்கலை?”

“ரெண்டு தடவையும் திறந்திருக்கு.” பதிவைத் திரையில் காட்டினார். “அது உள்பக்கமா திறக்கிற கதவு. இழுத்தும் வரலைன்னா, உள்ள யாரோ அது மேல சாய்ஞ்சு நின்னிருக்கணும்.”

கைப்பிடியை இழுத்தபோது நான் கதவில் சாய்ந்திருக்கவில்லை. அதற்கப்புறம் மூச்சு வாங்க, கதவருகே அந்தச் சில்லிப்பில்தான் நானும் அவ்வளவு நேரம் சாய்ந்து நின்றிருந்தேன்.