ஜன்னலோர வாரம்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்கு நம்பர் கிடையாது. ஆனாலும் யார் எங்கே உட்கார்வது என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்தவன் தெரியாமல் இன்னொருவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் யாரும் அதட்ட மாட்டார்கள். பக்கத்தில் வந்து சும்மா நிற்பார்கள். இரண்டு ஸ்டாப்பிங் தாண்டுவதற்குள் அவனே எழுந்துவிடுவான்.

பின்பக்கம் கடைசிக்கு முந்தைய வரிசை, இடதுபுறம், இரட்டை சீட். அது எனக்கும் என் நண்பனுக்கும். ஜன்னல் ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவனுக்கு. திங்கட்கிழமை மாறும். நான் சுங்குவார்சத்திரத்திலேயே ஏறிவிடுவேன். அவன் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, புளியமரத்து ஸ்டாப்பிங்கில் ஏறுவான். உள்ளூர்க்காரன். அவன் வாரமானால் நான் உள்பக்கம் உட்கார்ந்திருப்பேன். என் முழங்காலை இடித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போவான்.

"இன்னாலே, கால மடக்க மாட்டியா?" என்பான்.

நான் தெற்கத்திக்காரன். எங்கள் 'லே'யை எடுத்து அவனுடைய 'இன்னா'வோடு ஒட்டி அவனே செய்துகொண்ட வார்த்தை அது. "தப்புடா, அப்படி யாரும் பேச மாட்டாங்க" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நா பேசுறேன்ல" என்பான்.

கார் கதவுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் மோல்டிங் லைனில் நானும் அவனும் ஒரே மெஷினில் இருந்தோம். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். தலைமை ஆபீசிலிருந்து வந்தவர் திரையில் படம் காட்டி இங்கிலீஷில் பேசினார். எங்கள் கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன, ஒரே பொருளை இரண்டு இடத்தில் செய்ய வேண்டியதில்லை, ரீஸ்ட்ரக்சரிங், என்றார். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. டிப்ளமோ படித்தவன், சொல்லுவான் என்று.

"இன்னாடா சொல்றான்?" என்றான் நண்பன்.

"நம்மளோட எல்லா லைனையும் வேற ஸ்டேட்டுக்குக் கொண்டு போறாங்களாம்."

"லைன எடுத்துட்டா நாம எங்க நிக்கறது?"

அதற்கு அந்தத் திரையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கான்ட்ராக்ட் பையன்களுக்கு நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெர்மனென்ட் ஆட்களுக்குக் கணக்கு முடித்தார்கள். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, மெஷின்களைக் கழற்றிப் பேக் செய்யும் வரை இருக்கச் சொன்னார்கள். மெஷின் டிராயிங் பார்க்கத் தெரிந்தவன் வேண்டுமாம். முடிந்ததும் மறைமலை நகரில் இருக்கும் இன்னொரு பிளான்ட்டில் போடுகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் அவர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "நீ ஏதும் தப்புத்தண்டா பண்ணிட்டியாய்யா?" மில்லில் அப்படித்தான் ஆளை நிறுத்துவார்கள். கம்பெனிகள் ஒன்றானதை அவருக்கு எப்படி விளக்குவது? இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று கேட்டுக்கு வெளியே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். லைனில் மூத்தவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"படிச்ச புள்ளைன்னு உன்ன நம்பினு இருந்தோம்பா. எங்க சோத்துப் பானைய நீயே கட்டி லாரில ஏத்தி அனுப்பப் போறியா?"

நண்பன் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவனாவது இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் ஏறிப் போய்விட்டான். சாயங்காலம் எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அவனுக்குப் போன் செய்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மறைமலை நகர் கிடைக்குமா என்பதைவிட, அவன் என்னிடம் இனிப் பேசுவானா என்பதுதான் அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பஸ் வந்தது. ஏறினேன். உள்ளே டிரைவர் அண்ணனைத் தவிர ஒருவரும் இல்லை.

"முன்னாடி வந்து குந்து தம்பி. பேய் வண்டி ஓட்டற மாரி கீது."

"இருக்கட்டும்ணே" என்று பின்னால் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன்.

நேராக ஒரகடத்தில் இருக்கும் கம்பெனிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் ஓரங்கட்டி, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்று, கதவை மூடிக் கிளம்பினார். ஏன் என்று கேட்டேன்.

"எங்க வண்டி ஓனரு போன்ல பாத்துகினு இருப்பான். ஜிபிஎஸ்ஸு. ஸ்டாப்பிங்ல நின்னாதான் ட்ரிப்பு கணக்குல வரும்."

"ஏறுறதுக்குத்தான் ஆளில்லையே?"

"ஜிபிஎஸ்ஸுக்கு அது இன்னா தெரியும்? வண்டி நின்னுச்சா, அவ்ளோதான்."

அப்படியே வாரக்கணக்கில் தினமும் போனோம். கதவு திறக்கும். லாரிச் சத்தமும் புழுதியும் ஏறும். கதவு மூடும்.

புளியமரத்து ஸ்டாப்பிங்கில் அவனுடைய அக்கா வீட்டுக்காரர் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருந்தார். நண்பன் இப்போது அங்கேதான் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றான். பஸ் சரியாக அதற்கு நேராகத்தான் நிற்கும். தினமும் காலையில் எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஜன்னல் கம்பி மட்டும் இருந்தது. அவன் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. இறங்கிப் போய்ப் பேசலாம். அன்று கேட்டில் நின்ற அவன் முகம் நினைவுக்கு வரும், உட்கார்ந்தே இருந்துவிடுவேன்.

டிரைவர் அண்ணன் இறங்கிப் போய் இட்லி பார்சல் வாங்கி வருவார்.

"உன் தோஸ்து சட்னி நல்லாத்தான் அரைக்கிறான் தம்பி."

"என்னப் பத்தி எதுவும் கேட்டானா அண்ணே?"

"எத்தினி இட்லின்னு கேட்டான்."

பிளான்ட்டில் வெளியூரிலிருந்து வந்த பேக்கிங் ஆட்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வார்கள். நான் போல்ட்டுகளுக்கு நம்பர் எழுதிய சீட்டு ஒட்டுவேன். மெஷின் இருந்த இடங்களில் மட்டும் தரையின் பச்சை பெயின்ட் புதிதுபோல இருந்தது. நான் தங்கியிருந்த வாடகை ரூமிலும் அதே கதைதான். கூட இருந்த பையன்கள் சாத்தூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் போய்விட்டார்கள். சுவரில் அவர்கள் அடித்த ஆணிகள் வரிசையாக இருந்தன, என் சட்டை ஒன்றில் தொங்கியது. வீட்டுக்காரம்மா, "நீயும் காலி பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுப்பா, வாடகைக்கு வர்றவங்களே இல்ல" என்றார். அம்மா போனில், "கம்பெனிலதான் இருக்கியாய்யா?" என்பாள். "இருக்கேம்மா" என்பேன். பொய்யில்லை.

கடைசி மெஷினையும் ஏற்றிய அன்று ஹெச்.ஆர். சார் என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்.

"மறைமலை நகர் இப்போதைக்கு ஹோல்டுல இருக்கு தம்பி. கூப்பிடுவோம்."

சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். புளியமரத்து ஸ்டாப்பிங்கில் டிரைவர் அண்ணன் வழக்கம்போலக் கதவைத் திறந்தார். எழுந்து போய் இறங்கினேன்.

"உன் ஸ்டாப்பிங் இன்னும் வர்லியே தம்பி?"

"தெரியும்ணே. நீங்க போங்க."

ரோட்டைக் கடந்து தள்ளுவண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னா வேணும்?" என்றான் நண்பன், யாரோ ஒரு வாடிக்கைக்காரனிடம் கேட்பதுபோல.

"ரெண்டு தோசை."

"மாமா, சாருக்கு ஒரு பிளேட்டு வை."

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது தோசையை வைக்கும்போது கேட்டான்.

"மறைமலை நகர் எப்போ?"

"ஹோல்டாம். கூப்பிடுவாங்களாம்."

"எங்களாண்டயும் கூப்பிடறோம்னுதான் சொன்னாங்க."

கல்லில் மாவை ஊற்றித் தேய்த்தான். அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"ஒண்ணு கேக்கறேன். ஒரு வாரம் ஜன்னல்ல உன் மூஞ்சி தெரியுது. அடுத்த வாரம் தெரியல. லீவு போட்டுட்டான்னு பாத்தா, உள்ள தள்ளிக் குந்திகினு கீற. மொத்த பஸ்ஸும் காலி. எதுக்குடா?"

"அது உன் வாரம்."

அவன் தோசைத்திருப்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மாமாதான், "டேய், கருகுது பாரு" என்று குரல் கொடுத்தார்.

அவசரமாகச் சுரண்டி எடுத்து அந்தத் தோசையை என் தட்டில் போட்டான்.

"நா ரெண்டுதான கேட்டேன்?"

"இன்னாலே, கணக்கு பேசறே? தின்னு."

வேறு கம்பெனி சீருடையில் நாலு பேர் வந்து பெஞ்சில் இடம் பார்த்தார்கள். நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன். அவன் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டான். தோசையின் ஒரு பாதி கரியாகவே இருந்தது. முழுசாகத் தின்றேன்.