நான் அடைத்த ஓட்டைகள்

மரத்துக்கு மக்கு வைக்கிற வேலையில் ஒருத்தி கெட்டிக்காரி என்றால், அவள் செய்தது எதுவும் யார் கண்ணிலும் படவில்லை என்று அர்த்தம். பலகையில் கணு கழன்ற குழி, வண்டு துளைத்த ஓட்டை, வெயிலில் விட்ட வெடிப்பு, எல்லாவற்றையும் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அங்கே எதுவும் நடக்காத மாதிரி காட்ட வேண்டும். காரைக்காலில் எங்கள் தச்சுப் பட்டறையில் மூன்று வருஷமாக நான் பார்க்கும் வேலை இதுதான். அதில் பாதிக் காலம் இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையை வேலைக்குத் தூக்கிப் போகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். இவ்வளவு நேரம் அசையாமல் தூங்குகிறாளே என்று நடுவில் நாலு தடவை மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டேன்.

விரல் கிடைத்தது

போலகத்தில் நெல் விவசாயம் பண்ணுகிற குடும்பத்தில் பிறந்து, நிலத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டுப் பட்டறை போட்டவர் என் கணவர். மூன்று வருஷத்துக்கு முன் அடித்த புயலில் சாய்ந்த வாகை, பூவரசு, மா எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டார். ஈரம் காயப் பொறுமையில்லை. அறுத்துப் பலகையாக்கிய நாலாம் மாதம் ஒவ்வொன்றும் தண்ணீர் வற்றிய குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. விறகுக்குத் தள்ள மனசு வராமல், சோறு கொண்டுபோன என்னை உட்காரவைத்து மக்கு வைக்கச் சொன்னார்.

வஜ்ரப் பசையைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து உருக்கி, அதே மரத்தின் தூளைக் குழைத்து, சூடு ஆறுவதற்குள் விரலால் அழுத்தி ஏற்ற வேண்டும். காய்ந்தால் உள்வாங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகவே வைக்க வேண்டும். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் பூ வேலைத் தையல் கற்ற விரல்கள் எனக்கு. எறும்பு நுழையாத சந்திலும் அடைத்துவிட்டேன். பட்டறையின் பெரிய தச்சர் கோவிந்தசாமி ஆசாரி பலகையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் சொன்னார்: "முதலாளி, இனிமே நல்ல மரம் வாங்கி ஏன் காசக் கரியாக்குறீங்க? அதான் அம்மா இருக்காங்களே."

தலைமாட்டுக் கணு

கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் கணு இருந்தால் படுக்கிறவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. பூவத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணச் சீருக்குக் கட்டில் சொல்லியிருந்தார். பலகை பொருத்திய பிறகுதான் நட்டநடுவில் செத்த கணு ஒன்று ஆடுவது தெரிந்தது. வேறு பலகை இல்லை. கணுவைத் தட்டி எடுத்துவிட்டுக் குழியில் மக்கு வைத்தேன். ரேகை ஓடுகிற மாதிரி காவியும் கரியும் கலந்து கோடு இழுத்தேன். பெரியவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, வழவழவென்று இருக்கிறது என்று சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு போனார். எனக்கும் பெருமைதான். பொய் சொல்லவே இல்லையே, அவர்தான் கேட்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, மக்கு முழுசாகக் கழன்று விழுந்துவிட்டது. விழுந்த இடம் மாப்பிள்ளையின் தலையணை. ஒரு வாரத்தில் கட்டிலும் வண்டியில் திரும்பி வந்தது, பின்னாலேயே அந்தப் பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர் பட்டறை வாசலில் நின்றார். திட்டுவார் என்று பயந்து நான் என் பெண் வசந்தியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது பத்து மாதம். அவர் குரலே உயரவில்லை: "கணு இருந்துச்சுன்னு அவுங்க கோவப்படலம்மா. அத மூடிக் குடுத்தவன், பொண்ணுகிட்ட எத மூடிக் குடுத்தானோன்னு கேக்குறாங்க."

மீன்காரம்மா வேண்டாம் என்றது

அதற்குப் பிறகு என் கணவருக்கு விழாத மக்கு வேண்டியிருந்தது. ஆசாரி முன்பு வேலை பார்த்த பட்டறைகளில் பழகிய வெள்ளைப் பொடியைக் கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்தார். செய்தித்தாளில் மடித்த பொட்டலம், பார்க்கச் சாக்கட்டித் தூள் மாதிரி. சுண்ணாம்புத் தூளோடு அதைக் கலந்து ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்தால் பூரி மாவு பதத்துக்கு வரும். காயாமல் இருக்க உருண்டை பிடித்துத் தூக்குச்சட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்போம். அடைத்த இடத்தில் கல்லாக நின்றது. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பெஞ்சு, ஸ்டூல், மேசை எதுவும் அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

மாமியாருக்குப் போலகத்தில் நடவு, களை, அறுப்பு என்று வேலை ஒழியாது. வசந்தி என்னோடுதான் இருந்தாள். உளி, ஆணி எதையும் தொட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம். அவள் சிணுங்கினால் ஒரு மக்கு உருண்டையைக் கையில் கொடுப்பேன். தட்டுவாள், கிள்ளுவாள், அரைமணி நேரம் சத்தமே வராது. பால் கேட்டால் அதே கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொடுப்பேன். காரைக்கால்மேட்டில் மீன் விற்கிற அஞ்சலையம்மா, மீன் வெட்டுகிற பலகை வெடித்துவிட்டது என்று ஒருநாள் கொண்டுவந்தாள். நான் மக்கை எடுத்ததும் மோந்து பார்த்தாள். பலகையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். வசந்தியின் வாயோரம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்: "ஏ தங்கச்சி, எம் மீனுக்கே இது வேணாங்குறேன், நீ புள்ளைக்கு ஊட்டுற?"

நான் சிரித்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

டப்பாவில் எழுதியிருந்தது

கான்வென்ட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் போட்டிருந்தார்கள். கையில் எழுத்து எது கிடைத்தாலும் படித்துவிட வேண்டும், பிஸ்கட் உறையானாலும் சரி. பொடி வந்த செய்தித்தாளைக்கூட நான் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். பொடியைப் பற்றி அதில் என்ன இருக்கும்? ஆசாரிக்குக் கடைவரை நடக்க உடம்பு முடியாத ஒரு நாள் நானே பொடி வாங்கப் போனேன். கடைக்காரர் பலகைக்குக் கீழேயிருந்து பெரிய தகர டப்பாவை இழுத்துக் கரண்டியால் அள்ளினார். டப்பாவின் பக்கவாட்டில் இங்கிலீஷ் எழுத்து. ஈயம் கலந்தது, விஷம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். கீழே ஒரு மண்டையோடு.

பரீட்சைத் தாளைப் படிக்கிற மாதிரி மூன்று தடவை படித்தேன். வசந்தி இடுப்பில் இருந்து என் தாலிச் சரட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். அதிலும் மக்கு ஒட்டியிருந்தது. "இது விஷமாமே, நீங்க யாருகிட்டயும் சொல்றதில்லையா?" என்று கேட்டேன். அவர் பொட்டலத்தை நூல் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா காலத்துலேருந்து இங்கதான் இருக்கு இந்தப் பவுடரு. டப்பாவப் படிச்ச மொத ஆளு நீங்கதாங்க."

ஆசாரியின் கை

பொட்டலம் இல்லாமல் திரும்பினேன். என் கணவர் கெட்டவர் இல்லை. "டப்பாவுல ஆயிரம் எழுதுவான் ஜெயா. மறுபடியும் கட்டில் திரும்பி வந்தா இந்த ஊர்ல நாம தலைகாட்ட முடியுமா?" என்றார். ஆனால் குழந்தையின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார், என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல். பிறகு ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

ஆசாரி அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தார். சில மாதங்களாகவே அவருக்கு வயிற்றைப் பிசைகிற வலி. உளி பிடிக்கிற மணிக்கட்டு துணி மாதிரி தொங்கிப்போயிருந்தது. செதுக்கு வேலையை விட்டுவிட்டு இழைப்புளி மட்டும்தான் தள்ளிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். வயசு நாற்பத்தைந்துகூட இருக்காது. சோற்றை அள்ளினார். பாதி வழியில் கை மடங்கிச் சோறு இலையிலேயே விழுந்தது. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்: "முப்பது வருசமா அந்தப் பவுடர்ல பொழங்குறேன் முதலாளி. எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

என் கணவர் எழுந்துபோய் தூக்குச்சட்டியை எடுத்துக் கொல்லைப்பக்கம் குழி வெட்டிப் புதைத்தார்.

பாண்டிச்சேரியில்

வசந்தி அதற்கு முன் ஆறு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். அம்மா, அப்பா, தண்ணி, காக்கா, வா, வேண்டாம். டப்பாவைப் படித்த பிறகுதான் கவனித்தேன், காக்காவும் தண்ணியும் எப்போதோ நின்றுபோயிருந்தன. வாந்தி வேறு, வயிற்றுப்போக்கே இல்லாமல் வயிற்றுவலி, வெளிறிய கண். பல் முளைக்கிறது என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே பார்த்த டாக்டர் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு லேடி டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள். இருபது நாள் வார்டில் இருந்தோம். ஊசி போடும்போதெல்லாம் வசந்தி "வேண்டாம்" என்று அழுவாள். அந்த வார்த்தையாவது இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதைச் சந்தோஷம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. மக்கைக் குழந்தையிடம் யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டபோது, "நான்தான், விளையாடக் கொடுத்தேன்" என்றேன். தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார். என் ரத்தத்தையும் எடுத்தார்கள். கிளம்புகிற அன்று, குழந்தை சரியாகிவிட்டாளா என்று கேட்டேன். அவர் வசந்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "உடம்பு தேறிடும்மா. மூளைக்கு எவ்வளவு போச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துல போட்டா தெரியும்."

இப்போது

காக்கா திரும்பி வந்துவிட்டது. தண்ணி இன்னும் வரவில்லை, செம்பைக் காட்டுகிறாள். வருகிற ஜூன் மாதம் கான்வென்ட்டில் சேர்க்க வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று நான் சொல்கிறேன், சின்னப் பிள்ளைதானே என்று. பட்டறையில் பழைய வஜ்ரமும் மரத்தூளும்தான் வைக்கிறேன். வாங்குகிறவரிடம் எந்த இடத்தில் ஓட்டை, அது எந்த மாதத்தில் கழன்று விழக்கூடும் என்று நானே விரலை வைத்துக் காட்டிவிடுகிறேன். போன வாரம் வந்த ஒரு வாத்தியார் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: "ஏங்க, உங்க வீட்டம்மா விக்க உக்காந்திருக்காங்களா, விக்காம இருக்க உக்காந்திருக்காங்களா?"

எந்தப் பலகையிலும் கையை ஓட்டிக் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டை இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறவள் நான், தூங்குகிற என் பெண்ணின் தலையில் மட்டும் தினமும் கையை வைத்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.