பிப்ரவரி இருபதுக்கு முன்னால்

உப்பள முதலாளி ஒருவரோடு மோதி, அதற்குத் தண்டனையாக வந்த மாற்றல் உத்தரவையும் கோர்ட்டில் நிறுத்தி வைத்தவள் என்றுதான் சுலோசனாவை மரக்காணம் பக்கம் பலருக்கும் தெரியும்.

அவள் கிராம சுகாதார செவிலியர். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கோடையில், உப்பு வாரும் மும்முரத்தில் தெய்வநாயகி என்கிற ஏழு மாதக் கர்ப்பிணி தலையில் உப்புக்கூடையோடு பாத்தி வரப்பில் தள்ளாடி வந்ததைப் பார்த்தாள். கூடையைத் தன் கையாலேயே இறக்கிக் கீழே வைத்தாள். மேஸ்திரி ஓடிவந்து சத்தம் போட்டான். இவள் இனிமேல் தூக்க மாட்டாள், உட்கார்ந்து செய்கிற வேலை கொடு, முடியாதென்றால் உன் முதலாளியை வரச் சொல் என்றாள் சுலோசனா. முதலாளி வரவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது. மாவட்டத்தின் மறுகோடியில், பஸ் ஏறாத மலைமேல் ஒரு ஊர்.

அப்போது சுலோசனாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்து, தங்கை சங்கீதாவை அவள்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு மலைக்கு எங்கே போவது? சர்க்கார் உத்தரவு, பெரிய அதிகாரியின் கையெழுத்து, பேசாமல் போய்விடு என்று சொந்த ஊரான பிரம்மதேசத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் போனது கோட்டக்குப்பத்துக்கு. அங்கே நூர் முஹம்மது என்று ஒரு இளம் வக்கீல் இருந்தார்.

"கையெழுத்து போட அவருக்கு அதிகாரம் இருக்குதும்மா. எதுக்குப் போட்டீங்கன்னு கேக்க நமக்கும் அதிகாரம் இருக்குது. கேட்டுப் பாப்போம்" என்றார் அவர்.

கேட்டார்கள். சென்னை கோர்ட்டில் உத்தரவுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. வழக்கு பிறகு வருஷக்கணக்காக இழுத்தது. சுலோசனா முழுதாக ஜெயித்தாள் என்றும் சொல்ல முடியாது. கடைசியில் பக்கத்து ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். ஆனால் மலைக்குப் போகவில்லை. சங்கீதாவின் படிப்பு நிற்கவில்லை. தெய்வநாயகிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது.

அந்த சங்கீதாதான் படித்து, கிளியனூர் விவசாயி பஞ்சநாதனின் மகன் கலையரசனைக் கட்டிக்கொண்டு, அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. வேலை விசாவில்தான் இருந்தார்கள். கிரீன் கார்டு வரிசை அவர்கள் ஆயுசுக்குள் நகருமா என்பதே சந்தேகம். பல வருஷ வைத்தியத்துக்குப் பிறகு சங்கீதா முழுகாமல் இருந்தாள். மார்ச் நடுவில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜனவரியில் ஜனாதிபதி பதவியேற்றார். ஏற்ற அன்றே ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க மண்ணில் பிறந்தாலும், அப்பா அம்மா தற்காலிக விசாவில் இருந்தால் அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. முப்பது நாள் கழித்து இது அமலுக்கு வரும். அதாவது பிப்ரவரி இருபதுக்கு முன்னால் பிறக்கிற குழந்தை அமெரிக்கப் பிரஜை. அதற்குப் பிறகு பிறந்தால் இல்லை.

மறுநாள் காலை சங்கீதாவின் வீடியோ கால் வந்தபோது சுலோசனா அடுப்படியில் இருந்தாள். தங்கை அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அவர்கள் குடியிருப்பில் கர்ப்பமாக இருக்கிற பெண்கள் எல்லாரும் அதற்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கத் தேதி கேட்டு அலைகிறார்கள் என்றாள். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாராம். கலையரசன் வேறொரு டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தான்.

சுலோசனாவுக்கு மனதில் வந்தது சட்டமெல்லாம் இல்லை. மாதம் திகையாமல் பிறந்து மூச்சுக்குத் திணறிய குழந்தைகளை ஆம்புலன்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் அவள் ஓடியிருக்கிறாள். எல்லாக் குழந்தையும் திரும்பி வரவில்லை. அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை அக்கா என்றாள் சங்கீதா.

அன்று சாயங்காலமே சுலோசனா நூர் முஹம்மதைப் போய்ப் பார்த்தாள். அவருக்கு இப்போது தாடி நரைத்திருந்தது. நான் இந்த ஊர் வக்கீல்மா, அமெரிக்கச் சட்டம் எனக்கு என்ன தெரியும் என்று முதலில் நழுவினார். பிறகு உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அந்த ஊர் ஜனாதிபதிக்கு அதிகாரம் கொஞ்சநஞ்சமில்லை, ஒரு கையெழுத்தில் நிறைய ஆட்டி வைக்கலாம். ஆனால் மண்ணில் பிறந்தவர் பிரஜை என்பது அவர்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. சாசனத்தை ஒருத்தர் பேனாவால் அடித்துவிட முடியாது.

"தடை வாங்குவாங்களா?" என்று சுலோசனா கேட்டாள்.

"வாங்குவாங்க. ஆனா தடைன்னா என்னன்னு உனக்கே தெரியும்மா. நிறுத்தி வைக்கிறதுதான். முடிச்சு வைக்கிறது இல்ல."

அவர் சொன்னபடியே அந்த வாரமே ஒரு நீதிபதி உத்தரவை நிறுத்தி வைத்தார். பிறகு வேறு ஊர் கோர்ட்டுகளும் தடை போட்டன. ஆனால் கலையரசன் அடங்கவில்லை. மேல்கோர்ட்டில் தடையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது என்பது அவன் பயம். அது பொய்ப் பயமும் இல்லை. வேலை போனால் இரண்டு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டிய வாழ்க்கை அவனுடையது. பிள்ளைக்காவது அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தான். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்ட ஒரு டாக்டரையும் கண்டுபிடித்துவிட்டான்.

இங்கே அவன் அப்பா பஞ்சநாதன் சுகாதார நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். புதன்கிழமை, தடுப்பூசி நாள். கைக்குழந்தைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த நேரம்.

"ஏம்மா சுலோசனா, பத்து நாள் முன்னபின்ன ஆனா என்னா இப்ப? உன் தங்கச்சி உன் பேச்சத்தான் கேப்பா. நீ ஒரு வார்த்த சொல்லு" என்றார்.

"பத்து நாள் இல்ல மாமா, ஒரு மாசம் இருக்குது. நான் சொல்ல மாட்டேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் பேரன் வாழ்க்கையை நீ கெடுக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் பேசினார். கிளியனூர்ப் பக்கம் வந்தால் என் வீட்டுப் படியேறாதே என்றும் சொன்னார். சுலோசனா கையில் இருந்த குழந்தைக்கு ஊசியைப் போட்டு முடித்து, தாயிடம் கொடுத்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அவள் புருஷன் நடராசன் அரசு பஸ் கண்டக்டர், அதிகம் பேசாதவர். தப்பாய்ப் போனால் காலத்துக்கும் உன் தலையில்தான் விடியும், தெரியும் இல்லையா என்று கேட்டார். தெரியும் என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை, கலையரசனே கூப்பிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சங்கீதா பக்கத்தில் சோபாவில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க சரின்னா அவளும் சரின்னுடுவா" என்றான். குரல் உடைந்திருந்தது. "நான் ஒண்ணும் எனக்காகக் கேக்கல."

"தெரியும் மாப்ள. உங்கமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா பிள்ள திகையணும். பயந்துகிட்டு அத முன்னாடியே வெளிய இழுத்தா, நாளைக்கு அதுக்கு மூச்சு முட்டுறப்ப எந்தக் கோர்ட்டுல போயி தடை வாங்குவீங்க?"

சுலோசனா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சங்கீதா பேசினாள்.

"நீ சொல்லாதக்கா. நான் சொல்றேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் வரலங்க. அவரு நாட்டுக்கு ஜனாதிபதியா இருந்துட்டுப் போறாரு. என் வயித்துக்கு இல்ல. பாப்பா எப்ப வருதோ அப்ப வரட்டும். வந்தப்புறம் சண்ட போடணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம்."

கலையரசன் போனைச் சங்கீதாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவன் தோள் குலுங்கியது திரையில் தெரிந்தது. அந்த ஆபரேஷன் நடக்கவில்லை.

பிப்ரவரி இருபது வந்தது, போனது. தடை அப்படியே இருந்தது. மார்ச்சில் சொன்ன வாரத்தில் வலி எடுத்துப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல். மகிழினி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த குழந்தையின் முதல் அழுகையைக் கலையரசன் பதிவு செய்து அனுப்பியிருந்தான். அதைச் சுலோசனா சுகாதார நிலையத்தில் இருந்த எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள்.

நிம்மதி நீடிக்கவில்லை. ஜூன் கடைசியில் அங்கே உச்ச நீதிமன்றம், தனி நீதிபதிகள் நாடு முழுக்கப் பொருந்துகிற மாதிரி தடை போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஜனாதிபதியின் கை ஓங்கிவிட்டது என்று டிவியில் பேசினார்கள். பஞ்சநாதன் போன் செய்தார். நீ சொன்னதால் வந்த வினை, இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சுலோசனா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையா என்றால், நினைத்தாள். ஆனால் போனில் குழந்தை கையைக் காலை உதைத்துச் சிரிக்கும்போது அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

ஜூலையில் வேறொரு கோர்ட்டில் வேறு வழியாகப் போனார்கள். இந்த உத்தரவால் பாதிக்கப்படுகிற எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே கூட்டு வழக்கு. பிப்ரவரி இருபது முதல் அப்படிப் பிறந்த குழந்தைகள் அத்தனை பேரும் அதில் அடக்கம். நீதிபதி மறுபடியும் உத்தரவை நிறுத்தி வைத்தார். அந்த வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

மழைக்காலம் தொடங்கி உப்பளத்தில் வேலை ஓய்ந்திருந்த ஒரு நாள், பஞ்சநாதன் தானாகவே சுலோசனா வீட்டுக்கு வந்தார். பேத்தியை உன் போனில் பார்க்கலாமா, என் போனில் படம் தெளிவாக இல்லை என்றார். அது சாக்கு என்று இருவருக்கும் தெரியும். காபி குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா அவ எந்த நாட்டுக்காரிம்மா?"

"அமெரிக்காக்காரிதான் மாமா. அங்க பொறந்தவ. இல்லன்னு சொல்றவங்க கோர்ட்டுல வந்து சொல்லட்டும்."

"ஜனாதிபதிம்மா அவரு."

"இருக்கட்டுமே. இன்னும் ஒரு பல்லு மொளைக்கல, அதுக்குள்ள உங்க பேத்தி அவரு மேலயே கேஸ் போட்டிருக்கா."

பஞ்சநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை.