கை காட்டியும் நிற்காத ரயில்

இங்கிலாந்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும் ஒரு காரியம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழைய நீராவி ரயிலில் டிக்கெட் எடுத்து இரண்டு ஸ்டேஷன் போகிறார்கள். அங்கே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய வயல்வெளி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே நடந்து வருகிறார்கள். தலையில் சுமை கிடையாது, சந்தைக்கும் போகவில்லை. கொல்லிமலையில் ஒருவர் இப்படி நடந்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம்.

அப்பாவை நான் அந்தக் கூத்துக்கு அழைத்துப்போனது காரியமாகத்தான். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தவள் நான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக லீவு கிடைக்கவில்லை. தாய்வீடே விமானம் ஏறி வந்தது. அம்மாவுக்கு விமானம் என்றால் பயம், அதனால் பிரசவ மருந்துப் பொட்டலங்களோடு அப்பாவை அனுப்பிவிட்டாள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கொல்லிமலையில் இருக்கும் எங்கள் ஊர் செம்மேட்டுக்கே திரும்புகிறேன் என்று முரண்டு பிடித்தார். இந்த ஊரில் ஒருவனும் முகம் பார்ப்பதில்லையாம். கணவருக்கு இரவு வேலை. வலி எடுக்கும்போது வீட்டில் என் மனுஷர் என்று ஒருவர் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு நிஜமாகவே பயம். ஒரு நல்ல நாளைக் காட்டினால் மனம் மாறுவார் என்று நினைத்தேன்.

ரயில் அவருக்குப் பிடித்திருந்தது. நடக்கத் தொடங்கியதும்தான் வம்பு.

"ரயிலுதான் திரும்பி வருதே, அப்புறம் எதுக்கு கண்ணு நடக்கோணும்?"

பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்நேரம் பார்த்து அதே ரயில் ஆடி அசைந்து திரும்பி வந்தது. எங்கள் மலையில் கொண்டை ஊசி வளைவில் கை காட்டினாலும் பஸ் நிற்கும். அப்பா வேலியோரம் ஓடிப்போய்க் கை காட்டினார். ரயிலில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு கையசைத்தார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கினார். அவர்களும் தூக்கினார்கள். டிரைவர் விசில் ஊதினார். ரயில் போயே போய்விட்டது.

"அத்தன பேரும் கை காட்டறாங்க, வண்டிய நிறுத்த ஒருத்தனுக்கும் தோணுலியே."

அது நிறுத்தச் சொல்வது இல்லை, சும்மா ஒரு வணக்கம் என்று விளக்கினேன். முன்பின் தெரியாத ஆளுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அடுத்த ரயில் எப்போது என்றார். பிள்ளை பிறக்கும்வரை ஞாயிறு தவறாமல் அந்த வேலியோரம் அவருக்குக் கையசைக்கும் வேலை இருந்தது. ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பிள்ளையோடு செம்மேடு போனேன். வீட்டு வாசலில் நின்றிருந்தபோது பஸ் வந்தது. நான், அப்பா, இடுப்பிலிருந்த மகள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு கையசைத்தோம். பஸ் நின்றது.

"ஏறுங்க, எங்க போகோணும்?" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே எங்களைப் பார்த்தது. சும்மாதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா ஏறினார், பின்னாலேயே நானும் ஏறினேன். சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா, கையில் கரண்டியோடு, எங்கே போகிறீர்கள் என்று கத்தினாள். ஜன்னலில் என் வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.